இரண்டு டிக்கெட், இரண்டு பெட்டி: எந்த எடைக்குக் கட்டுவது?

கேள்வி: என் மகள் மேற்படிப்புக்காக வெளிநாடு போகிறாள். அந்த நாட்டின் பெரிய விமான நிலையம் வரை ஒரு டிக்கெட். அங்கிருந்து கல்லூரி இருக்கும் ஊருக்கு வேறொரு நிறுவனத்தில் தனியாக எடுத்த இன்னொரு டிக்கெட். முதல் டிக்கெட்டில் ‘2 பிசி, 23 கிலோ’ என்றும் இரண்டாவதில் ‘20 கே’ என்றும் போட்டிருக்கிறது. 30 அங்குல சூட்கேஸ் ஒன்று, அட்டைப்பெட்டி ஒன்று. வீட்டில் நிறுத்துப் பார்த்ததில் சூட்கேஸ் 25 கிலோ, அட்டைப்பெட்டி 19 கிலோ. இரண்டும் சேர்த்து 44தானே, 46-க்குள் அடங்குகிறதே, விடுவார்களா? பெட்டி 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறார்களே, அதை எங்கே வைத்து அளப்பது? கவுன்டரில் பிரச்சினை வந்தால் என்ன செய்வது?

பதில்: நீங்கள் கவலைப்படுவது அந்த 2 கிலோவைப் பற்றி. உங்கள் மகளைத் தவிக்கவிடப்போவது இரண்டாவது டிக்கெட்டில் ஒளிந்திருக்கும் 24 கிலோ. அதையே முதலில் பார்த்துவிடுவோம்.

டிக்கெட்டில் ‘பிசி’ என்று இருந்தால் அது உருப்படிக் கணக்கு. இத்தனை பெட்டி, ஒவ்வொன்றும் இத்தனை கிலோவுக்குள் என்று பொருள். ‘கே’ என்று இருந்தால் எடைக் கணக்கு. மொத்தம் இத்தனை கிலோ, அதை ஒரு பெட்டியிலும் கொண்டுபோகலாம், இரண்டாகவும் பிரித்துக்கொள்ளலாம். (எடைக் கணக்கிலும் சில நிறுவனங்கள் பெட்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கும், டிக்கெட்டின் நிபந்தனைகளில் அது இருக்கும்.) உங்கள் மகளின் முதல் பயணம் உருப்படிக் கணக்கு. அங்கே 25-ஐயும் 19-ஐயும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். 25 கிலோ பெட்டி வரம்பைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். பக்கத்திலிருக்கும் அட்டைப்பெட்டியில் 4 கிலோ பாக்கி இருப்பது, நீங்களே பொருளை எடுத்து அதில் மாற்றினால் ஒழிய உதவாது. இரண்டாவது பயணம் எடைக் கணக்கு. அங்கே கூட்டிப் பார்ப்பார்கள்: 44 கிலோ வைத்திருக்கிறார், அனுமதி 20, ஆகவே 24 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். கவுன்டரில் கிலோக்கணக்கில் கட்டும் கட்டணம்தான் பெரும்பாலும் இருப்பதிலேயே அதிகமானது. டிக்கெட் விலையையே அது தாண்டிவிடுவதும் உண்டு.

“முதல் விமானத்தில் 44 கிலோ கொண்டுவந்தேனே” என்று இரண்டாவது கவுன்டரில் சொன்னால் எடுபடாது. இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் கதை வேறு. அப்போது பொதுவாக ஒரு நிறுவனத்தின் லக்கேஜ் விதியே முழுப் பயணத்துக்கும் செல்லும். அமெரிக்காவில் தொடங்கும் அல்லது முடியும் பயணமாக இருந்தால், ஒரே டிக்கெட்டில் வழி நெடுக ஒரே அளவையும் ஒரே கட்டணத்தையும் பின்பற்ற வேண்டும் என்று அந்நாட்டு விதியே இருக்கிறது. தனித்தனியாக எடுத்த டிக்கெட்டுகளுக்கு இப்படி எந்தத் தொடர்பும் கிடையாது. அவை இரண்டு தனி ஒப்பந்தங்கள்.

இதற்கு வழி இருக்கிறது, ஆனால் புறப்படும் நாளுக்கு முன்பே செய்ய வேண்டும். இரண்டாவது நிறுவனத்தின் இணையதளத்தில் முன்பதிவைத் திறந்து, கூடுதல் எடையை இப்போதே வாங்க முடிகிறதா என்று பாருங்கள். 5, 10, 15 கிலோ என்று கட்டுக்கட்டாக விற்பார்கள். கவுன்டர் கட்டணத்தோடு ஒப்பிட்டால் கணிசமாகக் குறைவாக இருக்கும். இந்த விற்பனை புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே மூடப்பட்டுவிடும். சில நிறுவனங்களில் 24 மணி நேரத்துக்கு முன்பே. இன்னொன்று: வெளிநாட்டு விமானத்திலிருந்து இறங்கி வருபவர்களுக்கு, அந்த டிக்கெட்டைக் காட்டினால் உள்நாட்டுப் பயணத்திலும் கூடுதல் எடை தரும் நிறுவனங்கள் உள்ளன. இதை வாய்வார்த்தையாகக் கேட்டு நம்பிவிடாதீர்கள். மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சிட்டு மகளிடம் கொடுத்தனுப்புங்கள். இரண்டுமே சரிவராவிட்டால், இரண்டாவது டிக்கெட்டை ரத்து செய்து ரயிலிலோ பேருந்திலோ போவது மலிவாக இருக்கலாம். தூரம் குறைவாக இருந்தால் நான் முதலில் யோசிப்பது இதைத்தான்.

தனி டிக்கெட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது. முதல் நிறுவனம் பெட்டிக்கு ஒட்டும் டேக் பெரும்பாலும் அந்தப் பெரிய விமான நிலையம் வரைக்கும்தான். உங்கள் மகள் குடிநுழைவுச் சோதனையை முடித்து, பெட்டிகளை பெல்ட்டிலிருந்து எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடி இரண்டாவது கவுன்டரில் ஒப்படைக்க வேண்டும். அந்தக் கவுன்டர் புறப்படுவதற்கு 45 நிமிடமோ 60 நிமிடமோ முன்பு மூடிவிடும். நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

சரி, இப்போது அந்த 2 கிலோ.

23 கிலோவுக்கு மேல், 32 கிலோ வரை இருக்கும் பெட்டியைப் பெரும்பாலான நிறுவனங்கள் அதிக எடைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றிக்கொள்ளும். 32-ஐத் தாண்டினால் பணம் கொடுத்தாலும் செக்-இன் பெட்டியாக ஏற்கமாட்டார்கள். பிரித்துக் கட்டச் சொல்வார்கள், அல்லது கார்கோவில் அனுப்பச் சொல்வார்கள். விமானத்தால் தூக்க முடியாது என்பது இதற்குக் காரணமல்ல. தூக்குவது மனிதர்கள். சிறிய ஜெட் விமானங்களின் அடிவயிற்றில் நிமிர்ந்து நிற்க இடம் கிடையாது. ஆள் முழங்காலிட்டு, ஒவ்வொரு பெட்டியையும் கையால் இழுத்து அடுக்குகிறார். ஒரு விமானத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட பெட்டிகள். 23-ஐத் தாண்டிய பெட்டிக்குக் கனமானது என்று தனி டேக் கட்டுவதும் அவர் முதுகைக் காப்பாற்றத்தான்.

உருப்படிக் கணக்கில் அதிக எடைக்குப் பல நிறுவனங்கள் ஒரே தட்டையான தொகை வாங்குகின்றன. 24 கிலோவுக்கும் 31 கிலோவுக்கும் ஒரே பணம். அதனால் 2 கிலோவுக்காக அந்தத் தொகையைக் கட்டுவது வீண். உங்கள் விஷயத்தில் 2 கிலோவை அட்டைப்பெட்டிக்கு மாற்றினால் 23-ம் 21-ம் ஆகிவிடும். ஆனாலும் 23.0-க்குக் கட்டாதீர்கள், 22.3 அல்லது 22.5-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுத் தராசின் பிழை, கடைசி நிமிடத்தில் செருகிய சார்ஜர், பூட்டு, பட்டை எல்லாம் அந்த அரைக் கிலோவில் அடங்க வேண்டும். 23.4 இருந்தால் விடுவார்களா என்று பலர் கேட்கிறார்கள். விடுவதும் உண்டு, விடாததும் உண்டு. அது கவுன்டரில் இருப்பவரின் முடிவு. அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

எடை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தால் குறைப்பது எளிது. 30 அங்குலக் கடின ஓட்டுப் பெட்டி காலியாகவே நாலரைக் கிலோவிலிருந்து ஐந்தரைக் கிலோ வரை இருக்கும். உங்கள் 23-இல் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வெறும் பெட்டி! அடுத்தது காகிதம். 500 தாள் கொண்ட ஏ4 கட்டு ஒன்று இரண்டரைக் கிலோ. தடித்த பாடப்புத்தகம் நான்கை வைத்தாலே 6 கிலோ, 7 கிலோ போய்விடும். ஜீன்ஸ் ஒன்று 600 முதல் 800 கிராம். ஷூ ஜோடி ஒன்று கிட்டத்தட்ட 1 கிலோ. கனமான ஷூவையும் கோட்டையும் மகள் போட்டுக்கொண்டு போகட்டும். உடுத்தியதை யாரும் நிறுப்பதில்லை.

வீட்டில் நிறுக்கும் முறையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். குளியலறைத் தராசின் மேல் பெட்டியை நேராக நிற்கவைத்தால் எண்ணும் தெரியாது, சக்கரம் ஓரத்தில் அழுத்தி எடையும் தப்பாக வரும். தராசைத் தரைவிரிப்பின் மேல் வைக்காமல் கடினமான தரையில் வையுங்கள். முதலில் நீங்கள் மட்டும் ஏறி நில்லுங்கள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், வித்தியாசம்தான் பெட்டியின் எடை. மூன்று முறை செய்யுங்கள். எண்கள் அரைக் கிலோவுக்கு மேல் ஆடினால் அந்தத் தராசை நம்ப வேண்டாம்.

கொக்கியில் தொங்கவிடும் டிஜிட்டல் தராசு இதைவிட நல்லது. பெட்டியின் மேல் கைப்பிடியில் பட்டையை மாட்டி, எண் பூஜ்யமாக இருப்பதைப் பார்த்த பிறகு, குலுக்காமல் நேராகத் தூக்குங்கள். எண் உறையும் வரை, சில நொடி, அசையாமல் பிடிக்க வேண்டும். வெடுக்கென்று தூக்கினால் ஒரு கிலோ கூடக் காட்டும். பேட்டரி தீரும் நிலையில் இருந்தாலும் எண் தப்பும். தராசு சரிதானா என்று பார்க்கத் தண்ணீர் போதும்: 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. ஒரு காலிப் பையை முதலில் நிறுத்துக்கொள்ளுங்கள். அதில் 2 லிட்டர் தண்ணீர் பாட்டில் ஐந்தை வைத்துத் தூக்குங்கள். பையின் எடை போக 10 கிலோவும், பிளாஸ்டிக் பாட்டில்களுக்காக இருநூறு முந்நூறு கிராமும் காட்ட வேண்டும். 11 காட்டினால் அந்தத் தராசு கூடக் காட்டுகிறது என்று தெரிந்துகொண்டு கணக்குப் போடலாம்.

இனி 158. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் வரும் தொகை அது. 62 அங்குலம் என்றும் சொல்வார்கள். சக்கரமும் கைப்பிடியும் இதில் சேர்த்தி. உள்ளிழுக்கும் கைப்பிடியை முழுவதுமாக உள்ளே தள்ளிவிட்டுத்தான் அளக்க வேண்டும். கடையில் 30 அங்குலம் என்று எழுதியிருப்பது பல சமயம் சக்கரம் இல்லாத ஓட்டின் உயரம் மட்டுமே. சக்கரம் இன்னும் 4, 5 சென்டிமீட்டர் சேர்க்கும்.

பெட்டியை நிரப்பி மூடிய பிறகு அளங்கள். காலிப் பெட்டியின் அளவு உதவாது. சுவரை ஒட்டி நிற்கவையுங்கள். தடித்த புத்தகம் ஒன்றைப் பெட்டியின் உச்சியில் படுக்கையாக வைத்து, அதன் விளிம்பு சுவரில் படும்படி பிடித்து, தரையிலிருந்து புத்தகத்தின் அடிப்பக்கம் வரை டேப்பால் அளந்தால் உயரம். பெட்டியின் முதுகைச் சுவரில் சாய்க்காமல் ஒட்டிவைத்து, முன்பக்கம் அதிகம் உப்பியிருக்கும் இடத்தில் அதே புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்து, சுவரிலிருந்து புத்தகம் வரை அளந்தால் ஆழம். பக்கக் கைப்பிடியும் அடிக்கட்டைகளும் துருத்துவதைச் சேர்த்து அகலத்தையும் இப்படியே. 77, 52, 29 வந்தால் சரியாக 158. அதே பெட்டியின் விரிக்கும் ஜிப்பைத் திறந்துவிட்டால் ஆழம் 4, 5 சென்டிமீட்டர் கூடி 162, 163 ஆகிவிடும். அந்த ஜிப் இருக்கிறதே, அதைப் போகும்போது தொடவே வேண்டாம்.

கவுன்டரில் எல்லாப் பெட்டியையும் டேப் வைத்து அளப்பதில்லை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தால் அளப்பார்கள். எடைக்கும் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் தனித்தனிக் கட்டணம் என்பதை மறக்காதீர்கள்: மூன்றாவது பெட்டி, அதுவும் 27 கிலோ, அதுவும் 165 சென்டிமீட்டர் என்றால் பல நிறுவனங்களில் மூன்று கட்டணமும் அதன் தலையில் விழும். புதிதாகப் பெட்டி வாங்குவதாக இருந்தால் 23 கிலோவுக்கு 30 அங்குலம் தேவையே இல்லை என்பது என் கருத்து. 27 அங்குலம் போதும். பெரிய பெட்டியில் இடம் மிச்சமிருக்கும், இடம் இருந்தால் கை சும்மா இருக்காது, எடை ஏறிவிடும்.

அட்டைப்பெட்டியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 53, 53, 52 அளவுள்ள பெட்டியின் கூட்டுத்தொகை 158. உள்ளே 146 லிட்டர் பிடிக்கும். அதே 158-க்குள் வரும் 76, 50, 32 சூட்கேஸில் 122 லிட்டர்தான். காலி எடையும் சூட்கேஸைவிட மிகக் குறைவு. போர்வை, ஸ்வெட்டர் போன்ற இலேசான, பருமனான சாமான்களுக்கு அதுவே பொருத்தம். புத்தகத்தை அதில் நிரப்பினால் அடி பிய்ந்துவிடும். ஐந்து அடுக்கு அட்டையாகப் பாருங்கள். நடு இணைப்பில் ஒரு பட்டை, இரண்டு ஓர இணைப்புகளிலும் ஒவ்வொரு பட்டை என்று மேலும் கீழும் அகலமான டேப்பை ஒட்டுங்கள். உள்ளே பாலித்தீன் உறை விரித்து, அதற்குள் துணியை வைத்து முடிச்சுப் போடுங்கள். மழையில் பெட்டி ஓடுதளத்தில் நின்றால் அட்டை ஊறும், துணி ஊறாது. கயிறு கட்டுவதாக இருந்தால் தொங்கும் வளையம் இருக்கக் கூடாது. கன்வேயர் இடுக்கில் அதுதான் மாட்டும். பெட்டியில் பழைய கூரியர் ஸ்டிக்கரோ பார்கோடோ இருந்தால் சுரண்டி எடுங்கள். தானியங்கி ஸ்கேனர் அதைப் படித்துக் குழம்பினால் பெட்டி பாதை மாறும். சூட்கேஸில் தொங்கும் பழைய பயண டேக்குகளுக்கும் இதே கதி வரலாம், அவற்றையும் நறுக்கிவிடுங்கள்.

கவுன்டரில் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அதற்கான ஏற்பாடு வீட்டிலேயே தொடங்க வேண்டும். சூட்கேஸின் மேல்தட்டில், மூடியைத் திறந்ததும் கைக்கு வரும்படி, 2 கிலோ எடையுள்ள துணிப்பை ஒன்றை வையுங்கள். அதில் புத்தகமும் துணியும் மட்டும் இருக்கட்டும். எடை கூடினால் அந்தப் பையை அப்படியே எடுத்து அட்டைப்பெட்டியிலோ கேபின் பையிலோ வைத்துவிடலாம், வரிசையில் நின்று பெட்டியைக் குடைய வேண்டியதில்லை. கேபின் பைக்கும் வரம்பு உண்டு. பல நிறுவனங்களில் 7 கிலோ. வீட்டில் அதை 5 கிலோவுக்கு மேல் போகாமல் கட்டினால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்யும்.

ஏன் புத்தகமும் துணியும் மட்டும்? அவசரத்தில் பொருள் மாற்றும்போது இரண்டு விதமான தவறு நடக்கிறது. ஷாம்பூவும் கத்தரிக்கோலும் கேபின் பைக்கு வந்து, பாதுகாப்புச் சோதனையில் பறிபோகின்றன. கேபினில் திரவம் 100 மில்லிலிட்டர் புட்டிகளில்தான் என்பது இன்னும் பெரும்பாலான விமான நிலையங்களின் விதி. இரண்டாவது தவறு ஆபத்தானது. கேபின் பையிலிருந்த பவர்பேங்க் செக்-இன் பெட்டிக்குள் போய்விடுகிறது. பவர்பேங்கும் தனி லித்தியம் பேட்டரிகளும் கேபினில்தான் இருக்க வேண்டும், செக்-இன்னில் கூடவே கூடாது. அடியில் தீப்பிடித்தால் யாரும் கிட்டே போக முடியாது. எக்ஸ்ரேயில் தெரிந்தால் பெட்டியை நிறுத்திவைப்பார்கள், அது விமானத்தைத் தவறவிடும். கேபினிலும் 100 வாட்-அவர் (பேட்டரி தேக்கிவைக்கும் மின்னாற்றலின் அளவு) வரை அனுமதி கேட்க வேண்டாம். 100-க்கு மேல் 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 20,000 மில்லியாம்பியர்-அவர் பவர்பேங்க், 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-அவர். விமானம் நிரம்பி, வாசலில் கேபின் பையை வாங்கி அடியில் போடுகிறோம் என்றாலும் பவர்பேங்கை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள மகளிடம் சொல்லிவையுங்கள்.

தராசில் பெட்டியை ஏற்றும் முன் திரையில் 0.0 இருக்கிறதா என்று மகள் பார்க்கட்டும். முன்னால் போனவரின் பையோ பக்கத்து டிராலியோ பெல்ட்டில் உரசிக்கொண்டிருந்தால் எண் மாறும். உங்கள் பெட்டியே பக்கச்சுவரில் சாய்ந்திருந்தாலும் மாறும். வீட்டு எடைக்கும் இங்கே காட்டுவதற்கும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால், “பக்கத்துக் கவுன்டரில் ஒரு தடவை நிறுத்துப் பார்க்கலாமா?” என்று பொறுமையாகக் கேட்கலாம். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். டேக் ஒட்டியதும் அதிலிருக்கும் மூன்றெழுத்து விமான நிலையக் குறியீடும், ரசீதில் இருக்கும் பெட்டி எண்ணிக்கையும் எடையும் சரிதானா என்று படித்த பிறகே நகர வேண்டும். பெட்டி மூடியதும் ஒரு போட்டோ, திறந்தபடி உள்ளிருப்பதும் தெரிய ஒரு போட்டோ எடுத்துவைத்திருங்கள். சான்றிதழ்களின் அசல், மருந்து, லேப்டாப், நகை எதுவும் செக்-இன்னில் போக வேண்டாம்.

பெட்டி உடைந்து வந்தாலோ வராமலே போனாலோ, லக்கேஜ் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் கவுன்டரில் பதிவு செய்து, எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். அதுமட்டும் போதாது. 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதம் என்றால் பெட்டி கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் ஆகியும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். அந்த இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். அது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு, அன்றைய மாற்று விகிதப்படி பணமாகும். இந்த வரம்பு பெட்டி ஒன்றுக்கு அல்ல, பயணி ஒருவருக்கு. இரண்டு பெட்டி தொலைந்தாலும் அதே தொகைதான். அதற்கு மேல் மதிப்புள்ள பொருளை அனுப்பியே ஆக வேண்டும் என்றால், செக்-இன் செய்யும்போதே மதிப்பை எழுதிக்கொடுத்து, கேட்டால் அதற்கான கூடுதல் கட்டணத்தையும் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.